தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றி நான் எழுதியது

என் கணவர் தூக்கத்திலேயே போய்விட்டார். கிள்ளானில் எங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள், அப்படிப் போவதற்கு ஒரு கொடுப்பினை வேண்டும் என்றார்கள். போனவருக்கு அது கொடுப்பினையாகவே இருக்கட்டும். பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அதற்குப் பிறகு தூக்கம் என்றாலே பயம் வந்துவிட்டது. கண் சொருகும். உடனே யாரோ தோளைத் தட்டியதுபோல விழித்துக்கொள்வேன். பக்கத்துத் தலையணையை ஒருமுறை தடவிப் பார்ப்பேன்.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில், வருகிறவர்களின் பெயரைப் பதிந்து உட்கார வைக்கும் வேலை. காலையில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில், சாயங்காலம் அதே ரயிலில் திரும்பி வருவேன். ஒரே மகள் ஜொகூரில் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் ஆனதும், எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தாலும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கிளினிக்கில் என்னோடு வேலை செய்த பெண், சமையல் குறிப்புகள் எழுதுவதற்காக ஒரு வலைப்பூ வைத்திருந்தாள். எனக்கும் ஒன்று திறந்துகொடுத்தாள். நான் அதில் பெயர் போடவில்லை, படமும் போடவில்லை. ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பேசியில் பெருவிரலால் எழுதுவேன். தூக்கம் இல்லாதவர்களுக்கு உலகம் எப்போதும் கொஞ்சம் தண்ணீருக்குள் இருப்பதுபோலத் தெரியும். ஸ்டேஷன்கள் மிதந்து வரும், மிதந்து போகும். எதிர் இருக்கையில் இருப்பவர் பேசுவது இரண்டு விநாடி தள்ளிக் கேட்கும். அதையெல்லாம் எழுதினேன். வாய்விட்டுச் சொல்ல முடியாத சிலவற்றையும் எழுதினேன். முப்பது பேர் படித்திருப்பார்கள். யாரோ ஒருவர் ஒவ்வொரு பதிவின் கீழும் "ம்" என்று மட்டும் எழுதுவார். அந்த "ம்" எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒருநாள் பண்டமாரானிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே துறைமுகச் சரக்குகளுக்கு ஆவணங்கள் தயார் செய்யும் ஒரு கம்பெனியில்தான் என் கணவர் இருபது வருடம் வேலை செய்தார். அவருடைய மேசையை வேறு ஒருவருக்குக் கொடுக்கப் போகிறார்களாம், இழுப்பறையில் இருக்கும் பொருட்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஒரு சீப்பு, குளிர்சாதனத்துக்காக வைத்திருந்த சாம்பல் நிற ஸ்வெட்டர், பாதி தின்ற இருமல் மிட்டாய்ப் பொட்டலம். எல்லாவற்றையும் ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

வெளியே வந்து வாடகைக் காரை அழைத்தேன். வருகிறேன் என்றவர் வரவில்லை. சாலை முனையில், கொண்டெய்னர் அடுக்கிவைக்கும் மைதானத்துக்கு எதிரில், ஒரு பெரிய மரம் நின்றது. தமிழில் அதைத் தூங்குமூஞ்சி மரம் என்போம். மலாய்க்காரர்கள் அதற்கு ஐந்து மணி மரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சாயங்காலம் ஆனால் இலைகளை மூடிக்கொண்டுவிடும். அதன் வேர் ஒன்று நாற்காலிபோல மேலே எழுந்திருந்தது. அதில் உட்கார்ந்து, ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு, மரத்தில் சாய்ந்தேன்.

லோரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்று போகும்போதும் தரை மெல்ல அதிர்ந்து அடங்கியது. மேலே கிளைகளுக்கு நடுவில் வெளிச்சம் அசைந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம். மறுபடி கண் திறந்தபோது இலைகள் மூடியிருந்தன. என் மடியெல்லாம் ரோஸ் நிறப் பஞ்சுப் பூக்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தேன். பயமில்லாமல், பக்கத்தில் எதையும் தடவிப் பார்க்காமல்.

அன்று ரயிலில் எழுதினேன். "யாரோ என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டதுபோல இருந்தது. எழுந்து பார்த்தேன், யாருமில்லை. தூக்கம் வராதவர்கள் ஒருநாள் அந்த மரத்தடியில் போய் உட்கார்ந்து பாருங்கள்." எந்தச் சாலை, எந்த மைதானத்துக்கு எதிரில் என்பதையும் எழுதிவிட்டேன். முப்பது பேர் படிக்கப் போகிறார்கள், அதில் யார் பண்டமாரானுக்குப் போகப் போகிறார்கள்?

இரண்டு மாதம் கழித்து மகள் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பினாள். "அம்மா, நீங்க தூங்கவே மாட்டேங்கிறீங்கன்னு சித்தி சொன்னாங்க. இத படிங்க. கிட்டதானே, ஒருவாட்டி போயிட்டு வாங்க லா."

திறந்து படித்தேன். என் வாக்கியங்கள். ஆனால் நடுநடுவே யாரோ புகுந்து எழுதியிருந்தார்கள். "யாரோ" என்று நான் எழுதிய இடத்தில் "அம்மன்" என்று இருந்தது. அம்மன் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பூக்கள் என்று நான் எழுதியது பிரசாதமாகியிருந்தது. மூன்று வெள்ளிக்கிழமை போய்ப் படுத்தால் பத்து வருடத் தூக்கமின்மையும் தீரும் என்று கடைசியில் ஒரு வரி. இந்தச் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பவும்.

நான் எழுதுவது மகளுக்குத் தெரியாது. "சரிம்மா, போறேன்" என்று மட்டும் பதில் அனுப்பினேன்.

அந்த வாரம் கிளினிக்கில் லீவு கேட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் போனேன். சாலை முனை திரும்பும்போதே மஞ்சள் துணி தெரிந்தது. மரத்தின் இடுப்பில் அதைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். வேரடியில் நான்கைந்து அகல் விளக்கு, ஒரு சின்னச் சூலம், எலுமிச்சம்பழம். என் கண் அதில் நிற்கவில்லை. மரத்தைச் சுற்றிலும் பாய் விரித்து ஒன்பது பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பை முகத்தில் போட்டிருந்தாள். ஒருத்தி தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாள். வயதான சீன அம்மா ஒருவர் கைவிசிறியை மார்பில் வைத்தபடி வாயைத் திறந்து தூங்கினார். லோரிகள் போயின, தரை அதிர்ந்தது, ஒருத்தியும் அசையவில்லை. வெயில் அவர்கள் மேல் சல்லடை சல்லடையாக விழுந்து நகர்ந்துகொண்டிருந்தது. என் கனவுக்குள் எனக்குத் தெரியாமல் ஆட்கள் வந்து படுத்துக்கொண்டதுபோல இருந்தது.

விழித்திருந்தது ஒருத்தி மட்டும். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, சாலைப் பக்கம் குடையை விரித்துப் பிடித்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவளாக இருக்கலாம். அவள் காலடியில் கைப்பைகள் வரிசையாக இருந்தன.

"ஏன்க்கா நிக்கிறீங்க? அந்தப் பக்கம் நிழல் இருக்கு, படுங்க. பைய இங்க வைங்க, நான் பாத்துக்கிறேன்."

"நீங்க தூங்கலையா?"

"எனக்கு வராதுக்கா. இவங்க தூங்குறத பாத்துக்கிட்டு இருந்தா போதும். தூங்குன மாதிரி ஆயிடுது."

குடையின் மறுபக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தன்னைப் பற்றித் தானாகவே சொன்னாள். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பொருட்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை. படுக்கையில் கிடந்த தன் அம்மாவை ஆறு வருடம் பார்த்துக்கொண்டவள். மணிக்கொரு தரம் கூப்பிடுவாராம். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியும் அவள் காது மட்டும் கூப்பிடும் குரலுக்காக விழித்தே இருக்கிறது. வீட்டுக்காரர் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியதும் பஸ் பிடித்து வந்துவிட்டாளாம்.

"அத எழுதுனது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. யாரோ குறி சொல்றவங்கன்னு நினைக்கிறேன்."

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒன்பது முகங்களையும் பார்த்தபோது வாய் வரவில்லை. அன்று எனக்குத் தூக்கமும் வரவில்லை. ஐந்து மணிவாக்கில் இலைகள் மூடத் தொடங்கின, ஒவ்வொருத்தியாக எழுந்து பாயைச் சுருட்டினார்கள். ஒருவரோடு ஒருவர் அதிகம் பேசவில்லை. முகம் மட்டும் குளித்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் போனேன். அவளும் நானும் குடையை மாற்றி மாற்றிப் பிடித்தோம். ஒருநாள் நான் குடையை வாங்கிக்கொண்டபோது, அவள் ஸ்டூலிலேயே தலை சாய்ந்து கால் மணி நேரம் தூங்கிப்போனாள். எழுந்ததும் திருடிவிட்டவள்போல வெட்கப்பட்டாள்.

கூட்டம் வளர்ந்தது. தூரத்துச் சபாக் பெர்ணாமிலிருந்துகூட வேன் பிடித்து வந்தார்கள். சாலையோரம் கார்களை நிறுத்தினார்கள். ஒருமுறை ஒரு லோரி, நின்றிருந்த காருக்காக ஒதுங்கி, பாய்க்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, "அண்ணி, இது ரோடு! பெட்ரூம் இல்ல!" என்று கத்தினார். கத்திவிட்டு அவரே மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

அதன் பிறகு நகராண்மைக் கவுன்சில் அதிகாரி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், மலாய்க்காரர், மெதுவாகப் பேசினார். அவர் கையில் இருந்த கோப்பில் யாரோ கொடுத்த புகார், அதோடு என் வலைப்பூப் பதிவின் அச்சுப்பிரதி, ஓரத்தில் மலாய் மொழிபெயர்ப்பு. யாரும் மாற்றாத, அம்மன் இல்லாத, நான் எழுதிய மூலப் பிரதி. யாரோ அதைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"இதைத் தொடங்கியவர் இங்கே இருக்கிறாரா?" என்று மலாயில் கேட்டார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தான்" என்றேன்.

என் பக்கத்தில் குடை பிடித்திருந்தவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. தூரத்தில் இருந்த ஏதோ ஒன்று கிட்டே வந்ததும் சின்னதாகிவிட்டதுபோலப் பார்த்தாள்.

அதிகாரி என்னைத் திட்டவில்லை. மரத்தை வெட்டப் போவதில்லை, ஆனால் இந்த வளைவில் ஒருவர் அடிபட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும், இரும்புத் தடுப்பு போடப் போகிறார்கள் என்றார். துணியையும் விளக்கையும் எங்கள் கையாலேயே எடுத்துவிட ஒரு வாரம் கொடுத்தார். போகும்போது மரியாதையாக, "புவான், நிஜமாகவே தூக்கம் வந்ததா?" என்று கேட்டார்.

"வந்தது" என்றேன்.

"அப்படியானால் நீங்கள் பொய் எழுதவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அவள் பேசினாள். "ஏன்க்கா மொதல்லயே சொல்லல?"

"நான் அம்மன்னு எழுதல. அது வேற யாரோ சேத்தது. நான் அசதியில தூங்கிப்போனேன், அவ்வளவுதான்."

"யாரு சேத்தா என்னா? எனக்குத் தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன். வராம இருந்திருந்தா இன்னும் அந்த வீட்டுலயே உக்காந்து காத தீட்டிக்கிட்டு இருந்திருப்பேன்." குடையை மடக்கிவிட்டு, "அதான் கோவமா வருது" என்றாள்.

துணியை அவிழ்த்தது அவள்தான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். விளக்குகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த வாரம் உண்மையை எழுதினேன். என் கணவர் இறந்தது, ஸ்வெட்டர், வராத வாடகைக் கார், எல்லாவற்றையும் எழுதி, அங்கே அம்மன் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அந்த வளைவில் போய்ப் படுக்காதீர்கள் என்று முடித்தேன். முப்பது பேர் படித்த இடத்தில் இப்போது ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சிலர் திட்டினார்கள். நாத்திகம் பேசுகிறாய் என்றார்கள், பக்தியை வைத்து விளம்பரம் தேடினாய் என்றார்கள். அதெல்லாம் பெரிதாகத் தைக்கவில்லை. ஒரு பெண் எழுதியதுதான் தைத்தது. "அக்கா, ராஜினாமாக் கடிதத்துல கையெழுத்துப் போட்டு வேலைய விட்டுட்டு வந்த நாள்லேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. அந்த மரத்தடியிலதான் தூங்கினேன். அதுக்கப்புறம் வீட்டுலயும் வந்துச்சு. இத படிச்சதுலேர்ந்து மறுபடி வரல."

அவருக்கு நான்கு முறை பதில் எழுதினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி வரவேயில்லை. அவர் யார், எங்கே இருக்கிறார், இப்போது தூங்குகிறாரா என்று எனக்குத் தெரியாது. கொமுட்டரில் கண்ணுக்குக் கீழே கறுத்த பெண் யாராவது ஏறினால் இவராக இருக்குமோ என்று இப்போதும் பார்க்கிறேன். உண்மையைச் சொன்னது சரிதான். ஒருத்தியின் தூக்கத்தைப் பறித்ததும் நான்தான். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை.

குடை பிடித்தவள் மூன்று வாரம் பேசவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை அவளே அழைத்தாள். மரத்திலிருந்து இரண்டு சாலை தள்ளி ஒரு பொது மண்டபம் உண்டு, மத்தியானம் பூட்டியே கிடக்கும். அதைப் பார்த்துக்கொள்கிறவரிடம் பேசிச் சாவி வாங்கியிருந்தாள். "ஃபேன் ஓடுது, பாய் இருக்கு. லோரிதான் இல்ல" என்றாள். ஆறேழு பேர் வந்தார்கள். அந்தச் சீன அம்மாவும் விசிறியோடு வந்திருந்தார்.

அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. உண்மையைச் சொன்ன அந்தப் பதிவும் எங்கள் குடும்பக் குரூப்புக்கு வந்து சேர்ந்துவிட்டது. பெயர் இல்லாவிட்டால் என்ன, பண்டமாரான் கம்பெனி, சாம்பல் ஸ்வெட்டர், பல் கிளினிக். மகளுக்கு இது போதாதா? வலைப்பூவை முதல் பதிவிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படித்திருக்கிறாள். மறுநாள் மத்தியானம் ஜொகூரிலிருந்து பஸ் ஏறி வந்து, தோளில் பையோடு வாசலில் நின்றாள்.

உள்ளே வந்ததும் கேட்டாள். "காப்பி கலந்து வச்சீங்களா?"

எதைக் கேட்கிறாள் என்று உடனே தெரிந்தது. வலைப்பூவில் மட்டும் எழுதியிருந்த விஷயம் அது. அவளிடம் நான் வேறு மாதிரி சொல்லியிருந்தேன். விழித்துப் பார்த்தேன், அசைவு இல்லை, உடனே ஆம்புலன்ஸை அழைத்தேன் என்று. நடந்தது அப்படியில்லை. அன்று பொது விடுமுறை. அவர் தூங்கட்டும் என்று எழுப்பாமல் விட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய்க் காப்பி கலந்தேன். கொண்டுவந்து அவர் தலைமாட்டில் வைத்தேன். வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து என் காப்பியை முழுக்கக் குடித்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறார் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம். எழுப்பியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாமோ என்பதுதான் ஒவ்வொரு தரமும் என் தோளைத் தட்டி எழுப்பியது.

"ம்" என்றேன்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா."

"எப்படிச் சொல்றது?"

"ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சிச்சுல்ல?"

"ஊருக்கு என்னைத் தெரியாதுல்ல" என்றேன்.

அவள் அழுதாள். நான் அழவில்லை. சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றி அவள் முன்னால் வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதுக்கு முந்தின நாள் அப்பா எனக்குப் போன் பண்ணாரு. உங்களுக்குத் தெரியாது. நீங்க கோயிலுக்குப் போயிருந்தீங்க. நாளைக்குக் காலையில போன் அடிக்காதே, இருபது வருஷமா அலாரம் வச்சு எந்திரிச்சாச்சு, நாளைக்கு ஒரு நாளு யாரும் எழுப்பாம தூங்கப் போறேன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. உங்கம்மாகிட்ட சொல்லாதே, அவளா எழுப்பாம விடுறாளான்னு பாக்குறேன்னாரு."

அடுப்பில் ரசம் கொதித்து வழிந்தது. இருவரும் எழுந்து போகவில்லை.

"டாக்டரும் அன்னிக்கே சொன்னாருல்ல," என்றாள். "விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாருன்னு. நீங்க அத காதுலயே வாங்கல."

டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. இருக்கலாம். அந்த நாளில் எனக்குச் சத்தங்கள் எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டன.

மகள் நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள். வலைப்பூவை இப்போதும் படிக்கிறாள். அவள் படிக்கிறாள் என்று தெரிந்த பிறகு எழுதுவது கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நிறுத்தவில்லை. ஊர்ப் பெயர்களை மட்டும் கவனமாக எழுதுகிறேன். போன வாரம் ஒரு பதிவில் அவள் அப்பா காப்பிக்கு இரண்டு கரண்டி சீனி போடுவார் என்று எழுதியிருந்தேன். கீழே வந்து, "மூணு. நீங்க பாக்காதப்ப ஒண்ணு சேத்துப் போடுவாரு" என்று திருத்திவிட்டுப் போயிருக்கிறாள்.